கிட்டில் மெர்ஜ் டூல்: வரி முடிவு முதல் ஒத்திகை வரை முழுமையான வழிகாட்டி

கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள், ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். தனித்தனிக் கிளைகளில் (பிராஞ்ச்) செய்த மாற்றங்களை ஒன்றாக்குவது மெர்ஜ். ஒரே இடத்தை இருவர் வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால் கிட் முடிவு செய்ய முடியாமல் நிற்கும், அதுதான் கான்ஃப்ளிக்ட். அதைத் தீர்க்க உதவுவது மெர்ஜ் டூல். கான்ஃப்ளிக்ட் வந்து நின்ற பிறகு மெர்ஜ் டூல் தேடினால், டூலும் புரியாது, கான்ஃப்ளிக்ட்டும் தீராது. எல்லாம் முன்கூட்டியே, யாரும் அவசரப்படுத்தாத ஒரு மதியத்தில் செய்துவைக்க வேண்டிய வேலை. புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் எந்த டூல் நல்லது என்பதில்தான் நேரத்தைக் கழிக்கிறார்கள். தடுமாறுவதோ வேறு இடத்தில்: திரையில் தெரியும் பலகைகளில் எது யாருடையது, இரண்டு பேரும் மாற்றுவதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது என்று தெரியாமலே பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதும் நான்கைந்து பேர். ஒருவர் ஓசூரில், ஒருவர் தருமபுரியில், மீதிப் பேர் கிருஷ்ணகிரியில். மாங்காய் சீசனில் ரேட் கோப்பு தினமும் மாறும். கான்ஃப்ளிக்ட் அங்கேதான் முளைக்கும்.

கட்டளைகள் இங்கே ஒலிக்கேற்பத் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். $ குறியோடு வரும் நான்கு பெயர்களும் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிட் பதிப்பு 2.35 அல்லது அதற்கு மேல். "கிட் --வெர்ஷன்" தட்டினால் தெரியும். 3ஆம் படியில் வரும் அமைப்பு அதற்கு முந்தைய பதிப்புகளில் கிடையாது.

"கிட் ஸ்டேட்டஸ்" சுத்தமாக இருக்க வேண்டும். கமிட் செய்யாத மாற்றங்களோடு மெர்ஜ் தொடங்கி, பாதியில் "கிட் மெர்ஜ் --அபார்ட்" கொடுத்தால், அந்த மாற்றங்கள் அப்படியே திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விண்டோஸ்காரர்கள் கிட் பாஷ் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள், கமாண்ட் பிராம்ப்ட் வேண்டாம். காரணம் 5ஆம் படியில் வரும்.

2. வரி முடிவும் எழுத்துக் குறியீடும்

டூலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய படி இது. பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். விண்டோஸில் ஒரு வரி இரண்டு குறிகளோடு (சிஆர், எல்எஃப்) முடிகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே குறி (எல்எஃப்). ஒருவரின் எடிட்டர் முழுக் கோப்பையும் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சேமித்துவிட்டால், மாறியது ஒரு ரேட்தான் என்றாலும் 400 வரியும் கான்ஃப்ளிக்ட்டாக வந்து நிற்கும். அப்போது எந்த டூலைத் திறந்தாலும் முழுக்கச் சிவப்புதான்.

புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் .கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற கோப்பை உருவாக்கி இரண்டு வரி எழுதுங்கள்:

* டெக்ஸ்ட்=ஆட்டோ
*.சிஎஸ்வி டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்

பிறகு "கிட் ஆட் .கிட்ஆட்ரிப்யூட்ஸ்", "கிட் ஆட் --ரீநார்மலைஸ் ." இரண்டும் கொடுத்து, இதை மட்டும் தனிக் கமிட்டாகப் போடுங்கள். வேறு மாற்றத்தோடு கலந்தால் பின்னால் வரலாறு பார்ப்பவருக்குத் தலைவலி. பழைய பிராஞ்ச் யாராவது கையில் வைத்திருந்தால், அதைச் சேர்க்கும்போது "கிட் மெர்ஜ் -எக்ஸ் ரீநார்மலைஸ் பிராஞ்ச்பெயர்" என்று கொடுக்க வேண்டும். (எக்ஸ் பெரிய எழுத்து.) ஒவ்வொருவர் கணினியிலும் கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப் (வரி முடிவை மாற்றும் கிட் அமைப்பு) என்ன என்று விசாரித்துக்கொண்டு திரிவதைவிட இது மேல்: இந்தக் கோப்பு ரெப்போவோடு (கிட் கண்காணிக்கும் புராஜெக்ட் ஃபோல்டர்) சேர்ந்தே போகும், யாரும் தன் கணினியில் எதையும் நினைவு வைத்துச் செய்ய வேண்டாம்.

தமிழ்த் தரவு இருந்தால் இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, எக்ஸல். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தால் எழுத்து பிழைக்கும், ஆனால் கோப்பின் தலையில் பாம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். முதல் வரி இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாகத் தெரிந்தும் டூல் அதை வேறுபாடு என்று காட்டினால், முதல் சந்தேகம் பாம் மீதுதான் விழ வேண்டும். எக்ஸலில் திருத்திய சிஎஸ்வியை எடிட்டரில் திறந்து, பாம் இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமித்த பிறகே கமிட் செய்வது என்று குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யுனிகோடிலேயே இருக்கிறது. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கிட்டுக்கு வேறு. எந்தக் கீபோர்டில் தட்டினார்கள், எங்கிருந்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். ஒரே சொல் இரண்டு பக்கமும் இருந்தும் கான்ஃப்ளிக்ட் என்றால், அந்தச் சொல்லை அழித்துவிட்டு நீங்களே ஒருமுறை தட்டுங்கள். உற்றுப் பார்த்துப் பயனில்லை.

மூன்றாவது எளிது. கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் கிட் அதை \340\256 என்று எண்களாகக் காட்டும். "கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்" கொடுங்கள், பெயர் பெயராகத் தெரியும். (கோட் என்பது இங்கே மேற்கோள் குறிக்கான ஆங்கிலச் சொல், நிரல் என்ற பொருளில் வரும் கோட் அல்ல.)

3. பேஸைத் திரைக்குக் கொண்டுவருதல்

மூன்று நகல்கள் இருக்கின்றன. லோக்கல்: நீங்கள் நிற்கும் பிராஞ்ச். ரிமோட்: உள்ளே வரும் பிராஞ்ச். பேஸ்: இருவரும் பிரிவதற்கு முன் இருந்த பொது நகல். இவற்றை வைத்து எழுதப்படும் முடிவுக் கோப்பின் பெயர் மெர்ஜ்ட்.

கிட் தன்னிச்சையாகக் காட்டுவது முதல் இரண்டை மட்டுமே. அது ஏன் போதாது என்பதற்கு ரேட் கோப்பிலிருந்து ஒரு வரி (விலை வெறும் உதாரணம், ஹெட் என்பது நீங்கள் நிற்கும் பிராஞ்ச்):

<<<<<<< ஹெட்
பெங்களூரா,21
=======
தோத்தாபுரி,18
>>>>>>> பெயர்மாற்றம்

இதைப் பார்த்து எது சரி என்று சொல்ல முடியுமா? இரண்டும் ஒரே காய்தான், நம் பக்கத்தில் கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். விலை 21லிருந்து குறைந்ததா, 18லிருந்து ஏறியதா? பெயரை மாற்றியது யார்? இனி இந்த ஒரு கட்டளை:

கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் இசட்டிஃப்3

(கடைசிச் சொல்லை இசட், டி, ஐ, எஃப், எஃப், 3 என்று தட்டுங்கள்.) அடுத்த மெர்ஜில் அதே இடம் இப்படி வரும்:

<<<<<<< ஹெட்
பெங்களூரா,21
|||||||
பெங்களூரா,18
=======
தோத்தாபுரி,18
>>>>>>> பெயர்மாற்றம்

நடுவில் இருப்பது பேஸ். ஒருவர் விலையை 18லிருந்து 21 ஆக்கியிருக்கிறார். இன்னொருவர் பெயரை மாற்றியிருக்கிறார். எழுத வேண்டியது "தோத்தாபுரி,21". லோக்கலிலும் அது இல்லை, ரிமோட்டிலும் இல்லை. "என்னுடையது", "அவருடையது" என்ற இரண்டு பொத்தானில் எதை அழுத்தினாலும் ஒருவர் வேலை காணாமல் போயிருக்கும், ஆலையில் லோடு இறங்கிக் கணக்குப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

4. டூலைத் தேர்தல்

பேஸைத் தனியே காட்டாத, இரண்டு பலகை மட்டும் உள்ள எதையும் முதலிலேயே ஒதுக்குங்கள். மீதி உங்கள் கணினியையும் பழக்கத்தையும் பொறுத்தது.

கேடிஃப்3: இலவசம். மேலே ஏ, பி, சி என்று மூன்று பலகை, கீழே முடிவு. கிட்டிலிருந்து திறக்கும்போது ஏ பேஸ், பி லோக்கல், சி ரிமோட். தீராத இடம் ஒன்று பாக்கி இருந்தாலும் சேமிக்க விடாது. புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். தோற்றம் பழசு, ஆனால் தவறு செய்ய விடாத டூல். ஒரு விஷயம்: தானே தீர்க்க முடிந்தால் சாளரத்தைத் திறக்காமலே முடித்துவிடும். திறக்கவில்லையே என்று பதறாமல் கோப்பைப் பாருங்கள்.

மெல்ட்: பார்க்க அழகு, மூன்றே பலகை. நடுப்பலகையில் முதலில் தெரிவது பேஸ். முடிவாகச் சேமிக்கப்படுவதும் அதே நடுப்பலகைதான். எதுவும் இழுத்துச் சேர்க்காமல் சேமித்தால் இரண்டு பேர் மாற்றமும் போய், பழைய கோப்பு நிற்கும். மோதாத இடங்களையாவது அதுவே சேர்த்துவைக்க, "கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்டூல்.மெல்ட்.யூஸ்ஆட்டோமெர்ஜ் ட்ரூ" கட்டாயம் போடுங்கள்.

விஎஸ் கோட்: குழு முழுவதும் அதில்தான் எழுதுகிறது என்றால் வேறு தேட வேண்டாம். மெர்ஜ் எடிட்டரில் பேஸ் மறைந்திருக்கும். மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் அதைக் காட்டச் சொல்லிவிடுங்கள். 4 ஜிபி மடிக்கணினியில் உலாவியோடு சேர்ந்து ஓடினால் திணறும்.

பி4மெர்ஜ்: இலவசம், நான்கு பலகை. தமிழ் சிதைந்து தெரிந்தால் அமைப்புகளில் எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். பியாண்ட் கம்பேர் விலைக்கு வாங்குவது. மூன்று வழி மெர்ஜ் அதன் புரோ பதிப்பில் மட்டுமே. ஸ்டாண்டர்ட் வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள்.

விம்டிஃப்: சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்திருக்கும்போது இதுதான் கதி. மேலே லோக்கல், பேஸ், ரிமோட், கீழே முடிவு. பெரும்பாலான டெர்மினல்களில் தமிழ் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் என்பதால், தமிழ் வரிகளை அங்கே வைத்துத் தீர்க்காதீர்கள்.

5. கட்டமைப்பு

"கிட் மெர்ஜ்டூல் --டூல்-ஹெல்ப்" தட்டுங்கள். இரண்டு பட்டியல் வரும்: இப்போதே ஓடக்கூடியவை, கிட்டுக்குத் தெரிந்தும் கணினியில் கிடைக்காதவை. உங்கள் டூல் முதல் பட்டியலில் இருந்தால் ஒரே வரி போதும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.டூல் கேடிஃப்3

நிறுவியிருந்தும் இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது என்றால் கிட்டுக்கு அதன் இருப்பிடம் தெரியவில்லை. "மெர்ஜ்டூல்.கேடிஃப்3.பாத்" என்பதற்கு அந்த நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத டூலுக்குத்தான் சொந்தக் கட்டளை எழுத வேண்டும். விஎஸ்கோட் என்ற பெயர் உங்கள் பட்டியலில் இல்லையென்றால், மெர்ஜ்.டூலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு இதைச் சேருங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்டூல்.விஎஸ்கோட்.சிஎம்டி 'கோட் --வெயிட் --மெர்ஜ் "$ரிமோட்" "$லோக்கல்" "$பேஸ்" "$மெர்ஜ்ட்"'

இந்த ஒரு வரியில் நான்கு தவறுகள் வாடிக்கையாக நடக்கின்றன.

வெளியே ஒற்றை மேற்கோள்தான் போட வேண்டும். இரட்டை மேற்கோள் போட்டால் ஷெல் அங்கேயே $ பெயர்களுக்கு மதிப்புத் தேடி, வெற்றிடத்தைச் சேமித்துவிடும். டூல் காலியாகத் திறக்கும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு ஒற்றை மேற்கோள் புரியாது. கிட் பாஷ் வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காக.

உள்ளே இரட்டை மேற்கோள் வேண்டும். இல்லாவிட்டால் "ரேட் பட்டியல்" என்று இடைவெளி உள்ள பெயர் இரண்டு கோப்பாக உடையும்.

--வெயிட் விட்டுப்போனால், சாளரம் திறந்த நொடியே வேலை முடிந்தது என்று கிட் எடுத்துக்கொள்ளும்.

நான்கின் வரிசை டூலுக்கு டூல் மாறும். மெல்ட்டுக்கு எழுதியதை விஎஸ் கோட்டுக்கு ஒட்டினால் பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் ரிமோட் நிற்கும், திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

ட்ரஸ்ட்எக்ஸிட்கோட் (டூல் மூடும்போது தரும் முடிவுக் குறியைக் கிட் நம்பலாமா என்பது) என்ற அமைப்பை இணையத்தில் பலரும் ட்ரூ என்று போடச் சொல்வார்கள். விஎஸ் கோட்டுக்குப் போடாதீர்கள். சேமிக்காமல் மூடினாலும் அது "சரி" என்றே சொல்லிவிட்டுப் போகும். தீராத கோப்பைத் தீர்ந்ததாகக் கிட் சேர்த்துக்கொள்ளும். ஃபால்ஸாகவே விட்டால், கோப்பு மாறவில்லை என்னும்போது மெர்ஜ் வெற்றியா என்று கிட் உங்களைக் கேட்கும்.

மெர்ஜ் முடிந்ததும் .ஓரிஜ் என்ற வாலோடு ஒரு பழைய நகல் தங்கும். முதல் சில மாதங்கள் அது இருக்கட்டும், .கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியல்) மட்டும் *.ஓரிஜ் சேர்த்துவிடுங்கள். பழகிய பிறகு "மெர்ஜ்டூல்.கீப்பேக்கப்" என்பதை ஃபால்ஸ் ஆக்கலாம்.

6. ஒத்திகை

காலி ஃபோல்டரில் "கிட் இனிட்". ரேட்.சிஎஸ்வி என்ற கோப்பில் நான்கு வரி எழுதுங்கள்: செந்தூரா, அல்போன்சா, பெங்களூரா, நீலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, பெங்களூராவுக்கு 18. கமிட். "கிட் ஸ்விட்ச் -சி பெயர்மாற்றம்" கொடுத்து பெங்களூராவைத் தோத்தாபுரி ஆக்கிக் கமிட். "கிட் ஸ்விட்ச் -" கொடுத்துத் திரும்பி வந்து, அதே வரியின் விலையை 21 ஆக்கிக் கமிட். இனி "கிட் மெர்ஜ் பெயர்மாற்றம்". கான்ஃப்ளிக்ட் வரும். "கிட் மெர்ஜ்டூல்" தட்டுங்கள்.

பலகைகளைப் பார்த்து விரல் வைத்துச் சொல்லுங்கள்: பேஸ் எது, 21 எந்தப் பலகையில், தோத்தாபுரி எந்தப் பலகையில். தமிழ் எழுத்து சிதையாமல் இருக்கிறதா? "தோத்தாபுரி,21" என்று எழுதிச் சேமித்து மூடுங்கள். பிறகு "கிட் மெர்ஜ் --அபார்ட்" கொடுத்து, மறுபடி மெர்ஜ் செய்து, இந்த முறை வேண்டுமென்றே சேமிக்காமல் மூடுங்கள். கிட் என்ன கேட்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வது நிஜத்தில் உதவும்.

7. நிஜக் கான்ஃப்ளிக்ட் வந்தால்

டூலை உடனே திறக்காதீர்கள். முதலில் "கிட் லாக் --மெர்ஜ் --ஒன்லைன்": மோதும் கோப்புகளை இரண்டு பக்கமும் தொட்ட கமிட்டுகள் மட்டும் வரும். யார், எதற்காக மாற்றினார்கள் என்று கமிட் செய்தி சொல்லவில்லை என்றால் தருமபுரிக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிடம் பேசினால் தெரிவதை யூகித்து எழுத வேண்டியதில்லை.

பிறகு "கிட் மெர்ஜ்டூல்". ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும். ஒருவர் நீக்கி, இன்னொருவர் திருத்திய கோப்புக்கு டூல் திறக்காது. டெர்மினலிலேயே திருத்தியதை வைக்கவா, நீக்கவா என்று கேட்கும். என்ட்டரைத் தட்டிக்கொண்டே போகும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். இருவரும் ஒரே பெயரில் புதுக் கோப்பு சேர்த்திருந்தால் பேஸ் காலியாக இருக்கும். டூல் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை.

மெர்ஜ்டூல் ஒரு கோப்பை முடித்ததும் தானே "கிட் ஆட்" செய்துவிடுகிறது. டூலின் முடிவுக் குறியை நம்பாத அமைப்பில், கோப்பு சேமிக்கப்பட்டிருந்தாலே போதும், தீர்ந்தது என்று கணக்கு. உள்ளே <<<<<<< இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதனால் கமிட்டுக்கு முன் "கிட் டிஃப் --கேஷ்ட் --செக்" கட்டாயம். குறி மிச்சம் இருந்தால் வரி எண்ணோடு காட்டும். --கேஷ்ட் இல்லாமல் கொடுத்தால், ஏற்கனவே ஆட் ஆன கோப்பை அது பார்க்காது.

தவறாகத் தீர்த்துவிட்டீர்களா? கமிட் போடும் முன் "கிட் செக்அவுட் -எம் -- ரேட்.சிஎஸ்வி" கொடுத்தால் அந்த ஒரு கோப்பின் கான்ஃப்ளிக்ட் மட்டும் புதிதாகத் திரும்பும். (எம் சின்ன எழுத்து.) மற்றக் கோப்புகளில் செய்த வேலை போகாது.

கடைசியாக, கிட் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று. தோத்தாபுரி என்று ரேட் கோப்பில் பெயர் மாறிவிட்டது. ஓசூர்க்காரர் அதே வாரம் புதிதாக எழுதிய ரிப்போர்ட் கோப்பு பெங்களூரா என்று தேடுகிறது. இரண்டும் வேறு வேறு கோப்பு, கான்ஃப்ளிக்ட் இல்லை, மெர்ஜ் சுத்தம். ரிப்போர்ட்டில் அந்த ரகம் மட்டும் காணோம். பெயர் மாற்றம் உள்ளே வந்த மெர்ஜ் என்றால் "கிட் கிரெப் பெங்களூரா" என்று பழைய பெயரை ஒருமுறை தேடிவிட்டே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

மெர்ஜ் நடுவே மின்சாரம் போய்க் கணினி அணைந்தால், ரேட்_பேஸ்_, ரேட்_லோக்கல்_ என்று எண்ணோடு முடியும் தற்காலிகக் கோப்புகள் ஃபோல்டரிலேயே கிடக்கும். "கிட் ஆட் ." கொடுத்தால் அவையும் உள்ளே போய்விடும். முதலில் அழியுங்கள்.

8. ரீபேஸில் பக்கங்கள் இடம் மாறும்

மெர்ஜில் லோக்கல் என்றால் உங்களுடையது. ரீபேஸில் கிட் முதலில் மெயின் பிராஞ்ச்சுக்குப் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைக்கிறது. எனவே லோக்கல் என்பது மெயின், ரிமோட் என்பது நீங்கள் எழுதியது. --அவர்ஸ் (லோக்கல் பக்கத்தை எடு), --தெயர்ஸ் (ரிமோட் பக்கத்தை எடு) இரண்டும் அதேபோல் திரும்பிவிடும். "என்னுடையதை வைத்துக்கொள்" என்று நினைத்து அவர்ஸ் கொடுத்தவர்கள் தங்கள் ஒரு வார வேலையைத் தாங்களே தள்ளிவிட்ட கதை எல்லாக் குழுவிலும் உண்டு. பலகைத் தலைப்பை நம்பாமல், நீங்கள் எழுதியதாக நினைவிருக்கும் ஒரு வரி எந்தப் பலகையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

9. டூலிடம் கொடுக்கக் கூடாதவை

எக்ஸல் கோப்பு, படம், பிடிஎஃப்: இவற்றைக் கலக்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்க முடியும். "கிட் செக்அவுட் --அவர்ஸ்" அல்லது "--தெயர்ஸ்", பிறகு "கிட் ஆட்".

பேக்கேஜ்-லாக்.ஜேசன் போலக் கருவியே எழுதும் கோப்புகளைக் கையால் தைக்காதீர்கள். முதலில் பேக்கேஜ்.ஜேசனைத் தீர்த்துவிட்டு, லாக் கோப்பில் ஒரு பக்கத்தை எடுத்து, "என்பிஎம் இன்ஸ்டால்" ஓட்டுங்கள். அது மீண்டும் எழுதிக்கொள்ளும்.

10. ரெரெரெ, பழகிய பிறகு

"ரெரெரெ.எனேபிள்ட்" என்பதை ட்ரூ ஆக்கினால், ஒருமுறை தீர்த்த கான்ஃப்ளிக்ட்டை நினைவில் வைத்து, அதே மோதல் மறுபடி வரும்போது கிட் தானே எழுதிவிடும். நீண்ட பிராஞ்ச்சைத் திரும்பத் திரும்ப ரீபேஸ் செய்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் தவறாகத் தீர்த்ததையும் அதே விசுவாசத்தோடு நினைவில் வைத்திருக்கும், தனியே விட்டால் 60 நாள் வரை. அப்படி ஆனால் அதே கான்ஃப்ளிக்ட் திரையில் இருக்கும்போது "கிட் ரெரெரெ ஃபர்கெட் ரேட்.சிஎஸ்வி" கொடுத்து மறக்கச் செய்து, "கிட் செக்அவுட் -எம்" மூலம் கான்ஃப்ளிக்ட்டைத் திரும்பக் கொண்டுவந்து தீருங்கள். ஒத்திகை முடியாதவர் கணினியில் இதை இயக்கிவைக்க வேண்டாம்.

11. வாடிக்கையாளர் எஸ்விஎன் வைத்திருந்தால்

பழைய ஆலைப் புராஜெக்ட்டுகள் சில இன்னும் சப்வெர்ஷனில் (எஸ்விஎன், கிட் போன்ற பழைய மென்பொருள்) இருக்கும். டார்டாய்ஸ்எஸ்விஎன் என்றால் டார்டாய்ஸ்மெர்ஜ் கூடவே வரும், அதுவே போதும். வேறு டூல் வேண்டுமென்றால் அமைப்புகளில் வெளி நிரல்கள் பகுதியில் மெர்ஜ் டூலுக்கு %பேஸ், %மைன், %தெயர்ஸ், %மெர்ஜ்ட் என்ற பெயர்களை உங்கள் டூல் கேட்கும் வரிசையில் கொடுங்கள். டெர்மினல் எஸ்விஎன் தன் மெர்ஜ் டூலுக்குக் கோப்புகளை பேஸ், தெயர்ஸ், மைன், மெர்ஜ்ட் என்ற வரிசையில் அனுப்புகிறது. டூல் கேட்கும் வரிசை வேறாக இருந்தால் நடுவில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி இடம் மாற்றித் தர வேண்டும். தீர்த்து முடித்ததும் "எஸ்விஎன் ரிசால்வ் --அக்செப்ட் ஒர்க்கிங்" கொடுக்காவிட்டால், கோப்பு சரியாக இருந்தாலும் கமிட் ஏறாது.